பிக் எண்ட் இரண்டு முறை போன புல்லட்: வீட்டுப் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 1970களில் வந்த 350 சிசி புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், 6 வோல்ட், தீப்பொறிக்குப் பாயிண்ட் செட், எல்லாம் அந்தக் காலத்து அமைப்பு. என் நண்பனின் அப்பாவுடையது. வாங்கிய நாளிலிருந்து அவர் கையில்தான் இருக்கிறது, ஆனால் எஞ்சின் மட்டும் இரண்டு முறை வெளியே போய்ப் பிரித்துக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு முறையும் புது பிஸ்டன், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் புது கனெக்டிங் ராடு, அதன் அடிமுனைக்குப் புது புஷ் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் அடியிலிருந்து கனமான தட்டல் சத்தம் ஆரம்பித்து, அது வளர்ந்து, கடைசியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இரண்டாவது முறைக்கு அப்புறம் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இதுதான்: "பழைய வண்டிப்பா, இரும்பே களைச்சுப் போச்சு. ஆயில் எல்லாம் நல்லாத்தான் ஏறுது, ராக்கர்ல நானே திறந்து பார்த்தேன்."

வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதை நான் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்வதில்லை. இரும்பு தேயும், ரப்பர் காயும், செம்பு பச்சை பிடிக்கும், அது சரி. ஆனால் புதிதாகப் போட்ட பாகம் போன வேகத்திலேயே திரும்பவும் போனால் அதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் உச்சியில் வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்கு ஆயில் வந்தது உண்மை, கனெக்டிங் ராடின் அடிமுனை கிராங்க்கைப் பிடிக்கும் மூட்டான பிக் எண்ட் காய்ந்து செத்ததும் உண்மை. இரண்டும் ஒரே எஞ்சினில் எப்படிச் சேர்ந்து நடந்தன என்று தெரியாமல் மூன்றாவது முறை கட்டினால் மூன்றாவது முறையும் போகும்.

ஆயில் எந்த வழியாகப் போகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினுக்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது, ஆனாலும் இது டிரை சம்ப் வகைதான், அதாவது ஆயில் கிராங்க்குக்கு அடியில் தேங்கி நிற்காத வகை. கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே பின்பக்கம் ஒரு அறை இருக்கிறது, சுமார் இரண்டேகால் லிட்டர் ஆயில் அங்கேதான் நிற்கிறது. எஞ்சினின் பக்கவாட்டில் பல்சக்கரங்களை மூடும் டைமிங் கவருக்குள் இரண்டு பம்புகள், இரண்டையும் ஒரே தண்டு ஓட்டுகிறது, அந்தத் தண்டை கிராங்க் முனையில் இருக்கும் வார்ம் (திருகு வடிவப் பல்சக்கரம்) சுற்றுகிறது.

ஒரு பம்ப் அறையிலிருந்து ஆயிலை எடுத்து, ஃபெல்ட் ஃபில்டர் வழியாகத் தள்ளி, கவரின் உட்புறத்திலிருந்து நேராகக் கிராங்க் தண்டின் முனைத் துளைக்குள் செலுத்துகிறது. அங்கிருந்து கிராங்க்கின் கனமான சக்கரமான ஃபிளைவீலுக்குள் இருக்கும் பாதை வழியாகப் பிக் எண்டுக்குப் போகிறது. கவர் நிற்கிறது, கிராங்க் சுற்றுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஆயில் வெளியே ஒழுகாமல் பிடிப்பது ஒரு சிறிய கார்க் வளையம், அவ்வளவுதான். மொத்த எஞ்சினிலும் விலை குறைந்த பாகம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு பம்ப், கீழே வடிந்து சேரும் ஆயிலை உறிஞ்சி மறுபடி அறைக்கு அனுப்புகிறது. ராக்கருக்குப் போகும் வெளிக்குழாய்களுக்கு ஆயில் கிடைப்பது இந்தத் திரும்பும் பக்கத்திலிருந்து. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பெரியவர் ராக்கர் குழாயின் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தபோது ஆயில் கொப்பளித்திருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அது திரும்பும் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. போகும் பக்கத்து ஆயில் முழுவதும் கார்க் அருகிலேயே கசிந்து டைமிங் அறைக்குள் கொட்டினாலும், அது வடிந்து கீழே சேரும், திரும்பும் பம்ப் அதை அப்படியே எடுத்து மேலே அனுப்பும், ராக்கரில் ஆயில் பிரமாதமாக வரும். பிக் எண்ட் மட்டும் வறண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

இது எனக்கு முதலிலேயே எழுந்த சந்தேகம். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு கார்க்கை மட்டும் மாற்றிவிட்டால் அதுவும் பழைய கட்டுமானங்கள் மாதிரிதான் ஆகும்.

கழுவாமல் பிரித்தது

வழக்கமாக எல்லோரும் செய்வது, எஞ்சினை இறக்கியதும் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி நன்றாகக் கழுவிவிட்டுப் பிரிப்பது. கைக்கு நல்லது, படத்துக்கும் நல்லது. ஆனால் காரணம் தேடும்போது அந்த அழுக்குதான் ஆவணம். வெளியே இருந்த மண்ணை மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மூட்டுகளில் என்ன ஒழுகியிருக்கிறது, எந்தத் திசையில் ஒழுகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பிரித்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அட்டையில் வரைந்த கவர் படத்தில் அதனதன் இடத்திலேயே குத்தி வைத்தேன். இந்த அட்டைதான் பிற்பாடு மர்மத்தை முடித்துவைத்தது.

மேலிருந்து வந்தால், ஹெட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. எக்ஸாஸ்ட் வால்வு கைடு தளர்ந்திருந்தது, சீட் கொஞ்சம் குழிந்திருந்தது. சிலிண்டரில் மேல் ரிங் திரும்பும் இடத்தில் 0.2 மி.மீ. அளவுக்குத் தேய்மானம், பக்கவாட்டில் நீளக் கீறல்கள். பிஸ்டன் ஸ்கர்ட்டில் உலோகம் இழுத்து அப்பியிருந்தது. இதெல்லாம் விளைவுகள்.

கிராங்க் வெளியே வந்ததும் கதை தெளிவானது. புல்லட்டின் இந்தத் தலைமுறையில் பிக் எண்டில் ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான்: கிராங்க் பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே துளைகள் போட்ட ஒரு வளையம், இரண்டு பக்கமும் ஆயில் படலத்தில் மிதந்து சுற்ற வேண்டும். இங்கே அது ராடோடு ஒட்டிப்போய், ஒரு ஓரம் உடைந்து தூளாகியிருந்தது. பின் நீலமாக மாறியிருந்தது. எஃகு அந்த நீல நிறத்துக்கு வர ஏறக்குறைய 300 டிகிரி சூடு தேவை, அப்படியென்றால் ஆயில் கொஞ்சம் குறைந்தது என்ற கதையே இல்லை, அங்கே ஆயிலே இல்லை.

வழியில் இன்னொன்று. கிராங்க் முனையில் இருக்கும் வார்ம் இடக்கை மரை, அதாவது வழக்கமான திசைக்கு எதிர்த் திசையில் சுற்றினால்தான் கழலும். அதன் முகம் முழுக்க உளி வைத்து அடித்த தழும்புகள். யாரோ வழக்கமான திசையில் கழற்றப் பார்த்து, வராமல் போகவே அடித்து அடித்து இறுக்கியே வைத்திருக்கிறார்கள். அதன் பற்கள் தப்பித்திருந்தது ஆச்சரியம்தான்.

தடம் இல்லாத கார்க்

டைமிங் கவரைக் கழற்றியபோது கார்க் வளையம் இல்லாமலிருக்கும், அல்லது நொறுங்கிக் கிடக்கும் என்று எதிர்பார்த்தேன். இரண்டுமில்லை. இருந்தது, முழுதாக இருந்தது, பார்க்கப் புதிது போலவே இருந்தது. யாராவது விளக்கு வெளிச்சத்தில் மேலோட்டமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருக்கிறது என்று விட்டிருப்பார்கள், இரண்டாவது முறை கட்டியவர் அப்படித்தான் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதன் முகத்தில் ஒரு தடமும் இல்லை. கிராங்க் முனை அதன் மேல் அழுந்திச் சுற்றியிருந்தால் வட்டமாக ஒரு பள்ளம், ஒரு பளபளப்பு இருந்தே ஆக வேண்டும். கார்க் எதையும் தொடவே இல்லை. அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது.

ஏன் தொடவில்லை? கவரின் விளிம்பிலேயே பதில் ஒட்டியிருந்தது. ஒரு பேப்பர் கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, அவற்றுக்கு இடையிலும் வெளியிலும் சிலிக்கான் பசை. அந்த அடுக்கைச் சேதமில்லாமல் உரித்து அளந்தால் 1 மி.மீ.க்கும் மேல். நான் வெட்டி வைத்திருந்த ஒற்றைக் கேஸ்கெட் 0.3 மி.மீ. கவர் இருக்க வேண்டிய இடத்தைவிட முக்கால் மில்லிமீட்டருக்கு வெளியே நின்றிருக்கிறது. கார்க்கின் அழுத்தமே அவ்வளவுதான் வரும். பிதுங்கிய சிலிக்கான் இழைகள் உள்ளேயும் தொங்கிக்கொண்டிருந்தன, நல்லவேளை ஆயில் துளையில் எதுவும் அடைக்கவில்லை.

சரி, எதற்காக இரண்டு கேஸ்கெட்? அங்கே ஆயில் ஒழுகியிருக்கிறது, அதை நிறுத்தத்தான். எதற்காக ஒழுகியது? அட்டைக்குத் திரும்பினேன். கவர் ஸ்க்ரூக்களில் கீழ்ப்பக்கம் இருந்த சில மட்டும் நிறம் வேறு. அளந்தால் 6 மி.மீ. மெட்ரிக். மற்றவை கால் அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை.

இதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை. புல்லட்டின் வடிவமைப்பு இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் தொழிற்சாலையில் பிறந்தது. பின்பக்கம் ஸ்விங் ஆர்ம் வைத்த மாடல் 1949-ல் வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு ஏற்பட்டு, சென்னை திருவொற்றியூருக்கு உற்பத்தி வந்தபோது, வரைபடங்களோடு சேர்ந்து பிரிட்டிஷ் மரைகளும் வந்துவிட்டன. வண்டிகளைச் சுற்றி இருந்த உலகம் மெட்ரிக்குக்கு மாறிய பிறகும் எஞ்சினுக்குள் அங்குல மரைகள் வெகுகாலம் தொடர்ந்தன.

கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அங்குலத்துக்கு 26 மரை என்றால் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 0.977 மி.மீ. சாதாரண 6 மி.மீ. ஸ்க்ரூவில் அந்த இடைவெளி 1 மி.மீ. பாருங்கள், எவ்வளவு அருகில் இருக்கின்றன. முற்றிலும் பொருந்தாத ஸ்க்ரூ உள்ளேயே போகாது, ஆபத்தில்லை. இது சுகமாக உள்ளே போகும், சுற்றினால் பிடிப்பது போலவும் இருக்கும், ஆனால் மரையின் நுனி மட்டும்தான் உரசிக்கொண்டிருக்கும். அலுமினியத்தில் அதை முழுசாக இறுக்கினால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். வழியும் என்று பயந்து லேசாக இறுக்கினால் கவர் ஒழுகும்.

ஆக வரிசை இப்படி: எப்போதோ சில ஸ்க்ரூக்கள் தொலைந்தன, கிடைத்ததைப் போட்டார்கள், மரை போனது, கவர் ஒழுகியது, ஒழுகலை நிறுத்தக் கேஸ்கெட் தடித்தது, கவர் வெளியே தள்ளி நின்றது, கார்க் கிராங்க்கை விட்டது, பிக் எண்ட் காய்ந்தது. முதல் முறை கட்டும்போதே ஸ்க்ரூ மாறியிருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு முறையும் சாவு ஒரே மாதிரி. இரண்டாவது முறை கட்டியவர் செலவை மிச்சம் பிடித்தார் என்றோ வேலை தெரியாதவர் என்றோ நான் சொல்ல மாட்டேன், உள்ளே சிலிண்டரைக் கடைந்த ரீபோர் வேலை அருமையாகவே இருந்தது. உடைந்ததை நன்றாக மாற்றினார். உடைத்தது எது என்று பார்க்கவில்லை.

ஸ்பேனர் விஷயத்திலும் இதே தலைவலிதான். பிரிட்டிஷ் அளவில் கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனர் என்பது 13.3 மி.மீ. அகலம், பெயரில் இருக்கும் கால் அங்குலம் போல்ட்டின் தடிமன்தான். 13 நுழையாது, 14 போட்டால் வழுக்கி மூலைகளை உருட்டிவிடும். இந்த வண்டியில் பாதி நட்டுகள் ஏற்கெனவே உருண்டைதான். பழைய புல்லட்டைத் தொடுவதற்கு முன்னால் விட்வொர்த் ஸ்பேனர் ஒரு செட்டும், ஒரு மரை அளவியும் வாங்கிவிடுங்கள், பாலீஷ் சக்கரமெல்லாம் அப்புறம்.

கட்டியது

வழிந்த துளைகளைத் துளைத்து, கம்பிச் சுருள் இன்சர்ட் போட்டு, மறுபடி அதே 26 மரைக்குக் கொண்டுவந்தேன். மெட்ரிக் இன்சர்ட் போட்டிருந்தால் வேலை சுலபம், எங்கும் கிடைக்கும். ஆனால் ஒரே கவரில் இரண்டு அளவு ஸ்க்ரூ என்பதுதான் இந்த வண்டியின் நோய், அதை நானே அதிகாரப்பூர்வமாக ஆக்க விருப்பமில்லை. கவரின் முகத்தைத் தடித்த கண்ணாடி மேல் எமரி தாள் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், ஓரிரு இடத்தில் மட்டும் மேடு. மேடு போகும் வரை மட்டும் தேய்த்தேன், அதற்கு மேல் தேய்த்தால் பம்ப் தண்டுக்கும் வார்முக்கும் இருக்கும் தூரம் மாறிவிடும்.

பம்ப் டிஸ்க்குகளின் முகத்தில் புஷ் தூள் போட்ட மெல்லிய கோடுகள் இருந்தன. மெட்டல் பாலீஷ் வைத்து அதனதன் இருக்கையிலேயே சுற்றிச் சுற்றி, முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வரும் வரை உட்காரவைத்தேன். பின்னர் கவரைத் தனியாக மேஜையில் வைத்து, உள்ளே ஆயில் வரும் துளைக்கு ஒரு குழாய் கொடுத்து, பம்ப் தண்டை டிரில்லால் மெதுவாகச் சுற்றினால் கார்க் இருக்கும் வாயிலிருந்து ஆயில் வர வேண்டும், விரலால் அடைத்தால் விரலைத் தள்ள வேண்டும். தள்ளியது.

கிராங்க் விஷயத்தில்தான் எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள். மிதக்கும் புஷ்ஷை விட்டுவிட்டு ரோலர் போடு, ரோலர் கொஞ்ச ஆயிலிலும் ஓடும், தெறிக்கும் ஆயிலே போதும் என்று. உண்மைதான், ரோலர் பொறுமையானது. ஆனால் ஆயில் வராத எஞ்சினில் அந்தப் பொறுமை நோயை மறைக்கத்தான் உதவும், ஆயில் ஒழுங்காக வரும் எஞ்சினில் புஷ் நன்றாகவே வாழும். காரணம் கையில் கிடைத்துவிட்டதால் புஷ்ஷே போட்டேன். ஃபிளைவீலைப் பிரித்துப் பின்னை அழுத்தும் வேலை வீட்டில் முடியாது, அது பெரிய பிரஸ் இருக்கும் லேத் பட்டறை வேலை. திரும்பி வந்ததும் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் பார்த்தேன், தண்டுகளின் ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருந்தது. அதற்கு முன்பே, பிரித்து வைத்திருந்தபோதே, ஃபிளைவீலுக்குள் இருக்கும் ஆயில் பாதையைக் கம்பி விட்டு, மண்ணெண்ணெய் பீய்ச்சி, காற்றடித்துச் சுத்தம் செய்தாகிவிட்டது. ஒரு பிக் எண்ட் செத்தால் அதன் தூள் எல்லாப் பாதையிலும் இருக்கும், கிராங்க் கேஸின் ஆயில் அறையிலும் இருக்கும். அந்த அறையைக் கழுவியதில் வந்த பளபளப்பான சேற்றைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும்.

சிலிண்டர் 0.5 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போனது. 70 × 90 என்பது 346 சிசி, 70.5 ஆனதும் 351. பிஸ்டன் இடைவெளி 0.10 மி.மீ. கேட்டு வாங்கினேன். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது, இந்தப் பழைய காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில் கஞ்சத்தனம் பார்த்தால் முதல் மேட்டிலேயே இறுகும். கொஞ்சம் சத்தம் கேட்டால் கேட்கட்டும்.

இப்போது கார்க். புதுக் கார்க்கை ஆயிலில் ஊறவைத்து உட்காரவைத்தேன். அதற்கு முன், குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஒரு துண்டை கார்க் இருக்கும் இடத்தில் வைத்து, ஒற்றைக் கேஸ்கெட்டோடு கவரை முழுசாக இறுக்கிக் கழற்றி, எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்தேன். கார்க்கின் தடிமன் அந்த அளவைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்க வேண்டும், அந்தக் கொஞ்சம்தான் அழுத்தம். கார்க் போட்ட பின்னும் ஒரு முறை மாட்டிக் கழற்றினேன். முகத்தில் முழு வட்டமாகத் தடம் விழுந்திருந்தது.

இதோடு நான் திருப்தி அடையவில்லை. சிலிண்டரை மாட்டுவதற்கு முன்பே டைமிங் கவரை மாட்டி, ஆயில் ஊற்றி, கனெக்டிங் ராடை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எஞ்சினைக் கிக்கரால் சுற்றிக்கொண்டே இருந்தேன். பம்ப் மெதுவாக ஓடுவது, பாதை எல்லாம் காலி, அதனால் நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். கடைசியில் பிக் எண்டின் இரண்டு ஓரத்திலும் ஆயில் கசிந்து வழிய ஆரம்பித்தது. மூடிய எஞ்சினில் இதைக் கண்ணால் பார்க்க வழியே கிடையாது. எஞ்சின் பிரிந்து கிடக்கும் இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் மறுபடி ராக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மற்ற வேலைகள்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேங்கின் உட்புறத் துருவை வாஷிங் சோடா கரைசலில் மின்சாரம் விட்டு எடுத்தேன். உள்ளே விடும் கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், அதிலிருந்து விஷமான குரோமியம் கரைசலில் இறங்கும், சாதாரண இரும்பே போதும். அறையைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், ஹைட்ரஜன் வரும். டேங்கின் வெளியே கையால் போட்ட தங்கக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, அதனால் பெயின்ட் அடிக்கவில்லை. சுரண்டல்களும் அப்படியே. பிரேக் டிரம்மில் இருந்த தூளைக் காற்றடிக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுத்தேன், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். வயரிங்கில் 6 வோல்ட்டை மாற்றவில்லை. மங்கலான ஹெட்லைட்டுக்குப் பாதிக் காரணம் துருப்பிடித்த எர்த் இணைப்புகள், அவற்றைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கியதும் வெளிச்சம் ஏற்றுக்கொள்ளும்படி ஆனது.

ஓட்டம்

இக்னிஷன் டைமிங் 0.8 மி.மீ., பிஸ்டன் உச்சிக்கு முன்னால், அட்வான்ஸ் முழுக்க பின்வாங்கிய நிலையில். பாயிண்ட் இடைவெளி 0.35. டேப்பெட்டுக்கு, அதாவது வால்வு இடைவெளிக்கு, ஃபீலர் கேஜ் தேவையில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலால் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை அழுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷனைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, அப்புறம் முழு உதை. பெரியவர்தான் உதைத்தார், அவர் கால் மறக்கவில்லை.

மெதுவாக 500 கி.மீ. ஓட்டியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, ஆயிலை மாற்றி, ஃபெல்ட் ஃபில்டரை விரித்துப் பார்த்தேன். சிலிண்டர் தேய்ந்த மெல்லிய சாம்பல் பொடி மட்டும், புஷ்ஷின் நிறத்தில் ஒரு துகளும் இல்லை. டைமிங் கவரையும் திறந்தேன். "நல்லா ஓடுற எஞ்சினை எதுக்குப்பா திறக்கிற" என்று அவர் கொஞ்சம் கடுப்பானார், நியாயம்தான். கார்க்கில் தடம் நன்றாக ஆழ்ந்திருந்தது. புது கேஸ்கெட் ஒன்று மட்டும் போட்டு மூடினேன்.

இன்னும் பாக்கி இருப்பது, எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் செயினை மூடும் பிரைமரி கவர். அதை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடிக்கிறது. ஒழுகுகிறது என்று யாரோ அந்த நட்டை அளவுக்கு மீறி இறுக்கி, கவர் உள்வாங்கி விளிம்பு மேலெழும்பியிருக்கிறது, அதனால் இன்னும் அதிகமாக ஒழுகுகிறது. ஓட்டத்துக்கு அதனால் ஆபத்தில்லை, அளவு பார்த்து ஆயில் ஊற்றினால் போதும். மூன்றாவது கியரும் லேசாக நழுவுகிறது, அதனால் எப்படியும் கிளட்ச் பக்கத்தைத் திறக்கத்தான் வேண்டும். அப்போது கவரைத் தட்டி நேராக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.